ரேடியோ பைரவி

“அந்தப் போனை அமத்துறியா, இல்ல நானே வாங்கித் தெருவுல எறியவா?” என்றார் கண்ணுசாமி.

ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் கிடந்த செல்போன் மறுபடியும் ‘டிங்’ என்றது. பெட்டிக்குள் அவருடைய தம்பி அழகர்சாமி மூக்கில் பஞ்சு வைத்துப் படுத்திருந்தார். போனை அங்கே வைத்தது அவர் மனைவி ராக்கம்மாள். “அது இல்லாம கக்கூசுக்குக்கூடப் போக மாட்டாரு. பக்கத்துலயே கெடக்கட்டும்” என்று காலையில் வைத்தவள்தான். அதற்குப் பிறகு அதை எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

மகன் பரணி குனிந்து போனை எடுத்துப் பார்த்தான். பெங்களூரிலிருந்து காரில் வந்தவன் முகம்கூடக் கழுவியிருக்கவில்லை.

“அப்பாவோட நாயன குரூப்பு, பெரியப்பா. நேத்துச் சாயங்காலம் இவரு ஏதோ எழுதியிருக்காரு. அதுக்குத் திட்டித் திட்டிப் பதில் வந்துக்கிட்டே இருக்கு. செத்தது அவங்களுக்குத் தெரியாது.”

“திட்டுறானுகளா? யாரை? எந்தம்பியையா?”

“பாட்டு விசயமாத்தான் பெரியப்பா. ஏதோ ஒரு ரெக்கார்டு நல்லாயிருக்கு, நல்லால்லன்னு.”

“தெரியப்படுத்து. செத்தவனைத் திட்டுன பாவம் எவனுக்கும் வேணாம்.”

பரணி இரண்டு வரி எழுதி அனுப்பினான். போன் சற்று நேரம் ஊமையாக இருந்தது. பிறகு முன்னைவிட வேகமாகக் கத்தத் தொடங்கியது. ஆழ்ந்த இரங்கல், கண்ணீர் அஞ்சலி, கும்பிடும் கைகள். கண்ணுசாமிக்கு மனம் கொஞ்சம் ஆறியது. ஊர் உலகத்துக்கு மரியாதை தெரியாமல் போய்விடவில்லை.

“இப்ப என்னடா எழுதுறானுக?”

பரணி தயங்கினான். “அன்னாருக்கு அஞ்சலியா இன்னைக்கு எல்லாரும் அவருக்குப் புடிச்ச பைரவியைக் கேட்போம்னு ஒருத்தர் போட்டிருக்காரு. இன்னொருத்தர், கேக்குறது சரி, இரைச்சலை எடுத்த பிரதியா, எடுக்காததான்னு கேக்குறாரு. அதுல மறுபடி சண்டை.”

கண்ணுசாமி போனை வாங்கி, அணைக்கத் தெரியாமல் தன் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அது இடுப்பில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

ரெட்டியார்சத்திரம் பக்கம் அவர் குடும்பத்துக்கு ஒரு பெயர் உண்டு. கத்தரியும் வெண்டையும் போட்டுப் பிழைத்த குடும்பம்தான். ஆனால் கல்யாணமோ சாவோ, அந்த வீட்டில் எது எப்போது நடக்கும் என்று வந்தவன் யாரும் கேட்க வேண்டியிருக்காது. கோடித்துணி வரும் நேரம், குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போகும் நேரம், எடுக்கும் நேரம் எல்லாம் மூத்தவர் வாயிலிருந்து வரும். தம்பி மின்வாரியத்தில் வேலை கிடைத்துத் திண்டுக்கல்லுக்கு வந்து வீடு கட்டிவிட்டதால் வழக்கம் மாறிவிடாது. தம்பி விடியற்காலையில் காபி டம்ளரைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார் என்று தகவல் வந்ததும், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து பந்தலின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. இன்றும் பார்க்கப்போவதில்லை.

பன்னிரண்டரை மணிக்குச் சின்னாளபட்டியிலிருந்து அய்யனார் வந்தார். சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறவர். அவரோடு இன்னும் இரண்டு பேர், மூவர் கையிலும் ரோஜா மாலை. பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பரவாயில்லை என்று கண்ணுசாமி நினைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பந்தலில் உட்கார்ந்து ஆளுக்கொரு டீ வாங்கினார்கள். டீ பாதி இறங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டது.

“என்ன சொல்லுங்க, தோடின்னா அந்த அண்ணன் தம்பி வித்துவான்கள்ல சின்னவரு ஊதுனது, கேஸட்டுல ஏ பக்கம். பி பக்கம் சும்மா நிரப்பறதுக்குப் போட்டது.”

“யாரு சொன்னா? பி பக்கத்துலதான்யா தவிலு பேசும். அழகர்சாமியைக் கேட்டுப் பாரு.”

கேட்டுப் பார் என்றவர் பெட்டியின் பக்கம் கையை நீட்டிவிட்டு, நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். மற்ற இருவரும் தலையைக் குனிந்தார்கள். அதோடு நின்றுவிடும் என்று கண்ணுசாமி எதிர்பார்த்தார். நிற்கவில்லை. வடமதுரைக் கச்சேரியில் நாயனம் பெரிதா தவில் பெரிதா என்று அடுத்தது தொடங்கியது. ஒருவர் நாற்காலிக் கையில் தாளம் போட்டே காட்டினார். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்த பரணியின் மாமனார் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி வீட்டார் முன்னால் இழவு வீட்டில் தாளம்.

“அய்யா” என்று அய்யனார் எழுந்து வந்தார். “மைக் செட்டுக்காரர்கிட்ட சொல்லி அவருக்குப் புடிச்ச நாயனத்தைக் கொஞ்சம் போடச் சொல்லலாமா?”

“எழவு வீட்டுல மங்கள வாத்தியமா?”

“ரெக்கார்டுதானங்கய்யா.”

“ரெக்கார்டுன்னா அமங்கள வாத்தியமா ஆயிருமா? இது கல்யாண மண்டபமில்ல. போயி உக்காருங்க.”

அய்யனார் போய் உட்கார்ந்தார். கண்ணுசாமிக்குக் காது சூடேறியிருந்தது. இந்தப் பித்து தம்பிக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு என்றைக்கும் விளங்கியதில்லை. வீட்டில் யாருக்கும் கிடையாது. திண்டுக்கல் சந்தைக்கு வரும்போதெல்லாம் தம்பி வீட்டில் ஒருவேளை சாப்பிடுவார். இலையிலிருந்து எழுந்து கை கழுவுவதற்குள் தம்பி டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். “அண்ணே, ஒரே ஒரு அஞ்சு நிமிசம். இந்த இடத்தைக் கேளுங்க.” கேட்கும். ஊதுவார்கள். முடிந்ததும் தம்பி முகத்தைப் பார்த்துக் கேட்பான், “எப்படிண்ணே இருக்கு?” நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று துண்டை உதறித் தோளில் போடுவார். டேப் ரெக்கார்டர் போய் செல்போன் வந்தது. தம்பிக்குத் தலை நரைத்தது. கேள்வி மட்டும் அதேதான்.

மதியத்துக்கு மேல் ஓர் ஆள் வந்தார். ஒல்லியாக, கட்டம் போட்ட சட்டை, கையில் மாலை இல்லை. பெட்டி அருகே போய் நின்று உள்ளே பார்த்தார். கும்பிடவில்லை, அழவில்லை. எதற்கோ காத்திருப்பவர்போல நின்றுவிட்டு, பந்தலின் கடைசியில் போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் ராக்கம்மாள், “வந்துட்டியாண்ணே, ஒன்னோட மல்லுக்கட்ட இனி ஆளில்லையேண்ணே” என்று பெருங்குரலெடுத்தாள்.

“யாரு அது, வெறுங்கையோட?” என்றார் கண்ணுசாமி.

அய்யனார் குரலைத் தாழ்த்தினார். “ஞானராஜுங்கய்யா. வேடசந்தூர்ல மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. தெனம் சாயங்காலம் பஸ் ஏறி வந்து அழகர்சாமிகூட டீ குடிச்சுச் சண்டை போட்டுட்டுப் போவாரு.”

“என்ன சண்டை?”

“அகரம் குருநாதன்னு ஒரு வித்துவான் இருந்தாருங்க. அவரு பைரவிக்கு ரெண்டு ரெக்கார்டு இருக்கு. ஒண்ணு தாடிக்கொம்புத் திருவிழாவுல ஊதுனது. இன்னொண்ணு ரேடியோவுல. அழகர்சாமிக்குக் கோயில் பைரவிதான் பைரவி. ஞானராஜுக்கு ரேடியோ. கோயில்ல ஊதுனது கூட்டத்துக்கு, ரேடியோவுல ஊதுனதுதான் பைரவிக்குன்னு இவரு சொல்லுவாரு. ரேடியோவுல நேரம் பாத்து ஊதுனது, அது கெடியாரத்துக்குன்னு அழகர்சாமி சொல்லுவாரு. வருசக்கணக்கா ஓடுதுங்க.”

“வேற சோலி இல்லையா ரெண்டு பேருக்கும்?”

அய்யனார், “ரெண்டுலயும் சிறப்பு இருக்குங்கய்யா” என்றார். கண்ணுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மின் மயானத்தில் நாலு மணிக்கு நேரம் வாங்கியிருந்தார்கள். மூன்று மணிக்கெல்லாம் அழகர்சாமியைக் குளிப்பாட்டிக் கோடி போர்த்திப் பாடையில் கிடத்தியாகிவிட்டது. அமரர் ஊர்தி தெருமுனையில் வந்து நின்று உறுமியது. பெண்கள் சுற்றிவந்து வாய்க்கரிசி போட்டார்கள். சம்பந்தி, “ஏனுங்க, எடுத்தர்லாமுங்களா?” என்று கேட்டார்.

“இருங்க. எங்க வீட்டு மொற ஒண்ணு இருக்கு.”

கண்ணுசாமி பாடையின் தலைமாட்டில் போய் நின்றார். இந்த வழக்கம் வேறு எந்த வீட்டிலும் இல்லை. வாக்குப் பாக்கியோடு அவர்கள் வீட்டுப் பிணம் தெருத் தாண்டாது. அவர் அப்பாவைத் தூக்கும்போது பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் முன்னால் வந்து, எனக்கு ஒரு கிடேரிக் கன்று தருவதாகச் சொல்லியிருந்தார் என்றான். சாட்சி யாரும் இல்லை. கண்ணுசாமி தொழுவத்துக்குப் போய்க் கன்றை அவிழ்த்துக் கொண்டுவந்து அவன் கையில் கயிற்றைக் கொடுத்த பிறகுதான் பாடை எழுந்தது. அதை ஊரே இன்றும் சொல்லும்.

“சனமெல்லாம் கேட்டுக்கங்க” என்றார். குரல் தெருமுனைவரை போயிற்று. “இங்க கெடக்குறவன் எந்தம்பி அழகர்சாமி. இவன் யாருக்காச்சும் வாக்குக் குடுத்து நிறைவேத்தாமப் போயிருந்தா இப்பச் சொல்லிருங்க. அண்ணன்காரன் நான் நிக்கிறேன். அவன் வாக்கு என் வாக்கு. நான் செஞ்சு முடிச்சாத்தான் இவனைத் தூக்குவோம்.”

யாரும் முன்னால் வரவில்லை. கண்ணுசாமி பாடையைத் தூக்கச் சொல்லிக் கை காட்டத் திரும்பினார்.

“எனக்கு ஒண்ணு இருக்கு.”

பந்தலின் கடைசியில் ஞானராஜ் எழுந்து நின்றிருந்தார்.

கூட்டம் திரும்பியது. ‘கடன் வாங்கியிருக்கானா?’, ‘எம்புட்டாம்?’ என்று கிசுகிசுத்தது. கண்ணுசாமி அசையாமல் நின்றார்.

“சொல்லுங்க.”

“ரேடியோ பைரவிய இத்தன வருசத்துல அழகரு ஒரு தடவகூட முழுசாக் கேட்டதில்ல. நாலு நிமிசத்துல நிப்பாட்டிட்டு, போதும்பா, கெடியாரம் ஓடுறது கேக்குதும்பாரு. கேக்காமயே திட்டுவாரு. நேத்து அதை நல்லாச் சுத்தம் பண்ணி, போன்ல ஏத்திக் கொண்டுவந்தேன். நாளைக்குக் காலைல வா, மொதல்லருந்து கடைசிவரைக்கும் கேட்டுட்டு மனசாட்சிப்படி ஒரு வார்த்தை சொல்றேன், இது வாக்குன்னாரு.” ஞானராஜ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். காது வயர் அதில் சுற்றியிருந்தது. “காலைல வந்தேன். தெருவுல பந்தல் போட்டிருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன். மனசு கேக்கல.”

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கண்ணுசாமியின் மச்சினர் ஒருவர், “ஏய்யா, ஒனக்குக் கிறுக்கா? பொணத்தப் போட்டு வச்சுக்கிட்டுப் பாட்டுக் கச்சேரியா கேக்குற? தள்ளிப் போய்யா!” என்று பாய்ந்தார். இளவட்டங்கள் இரண்டு பேர் ஞானராஜின் தோளைப் பிடித்தார்கள்.

“விடுங்க அவர” என்றாள் ராக்கம்மாள். பெண்களுக்கு நடுவிலிருந்து தலையை நிமிர்த்தியிருந்தாள். “அவரு சொல்றது நெசந்தான். ராத்திரி தோசை திங்கும்போது எங்கிட்டயே சொன்னாரு. நாளைக்கு அந்த எழவ முழுசாக் கேட்டுத் தொலையணும், வாக்குக் குடுத்துட்டேன்னாரு.”

எங்கோ பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

கண்ணுசாமிக்குத் தம்பியை உலுக்கி எழுப்பிக் கன்னத்தில் ஒன்று வைக்கலாம்போல இருந்தது. நிலத்தை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்து நடந்திருக்கலாம். போயும் போயும் இதற்கா வாக்குக் கொடுப்பான் ஒருவன்? இதைச் சொல்லி ஊர் சிரிக்காதா? ஆனால் ஊர் கேட்கத்தான் அவர் உரக்கச் சொல்லியிருந்தார். அவன் வாக்கு என் வாக்கு.

“நாற்காலி போடு” என்றார்.

“பெரியப்பா, நாலு மணிக்கு அங்க நேரம் குடுத்திருக்கு. விட்டா அடுத்த ஆளைக் கூப்புட்டுருவாங்க.”

“நாற்காலி போடுடா.”

பாடையின் பக்கத்திலேயே நாற்காலி போட்டார்கள். கண்ணுசாமி உட்கார்ந்தார். ஞானராஜ் குனிந்து வயரை அவர் காதுகளில் செருகினார். இரண்டு முறை நழுவியது.

“எம்புட்டு நேரம்?”

“அரை மணிண்ணே.”

“போடு.”

முதலில் சுருதி மட்டும் ஒரே நேராக வந்தது. பிறகு நாயனம். கண்ணுசாமி முழங்கால்கள்மேல் கைகளை வைத்துக்கொண்டு, தாலுகா ஆபீஸில் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவர்போல எதிரே பார்த்தார். தன்னை இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் முதலில் தெரிந்தது. அவர்களுக்கு ஒன்றும் கேட்காது. இழவு வீட்டில் காதில் வயரோடு ஒரு கிழவன். சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார். மச்சினர் தலையில் அடித்துக்கொண்டு தெருவுக்குப் போனார். அய்யனாரும் மற்ற இருவரும் அருகே வந்து, எந்த இடம் ஓடுகிறது என்பதை அவர் முகத்தில் படிக்க முயல்கிறவர்கள்போல உற்றுப் பார்த்தார்கள். அவர் முறைத்ததும் பின்வாங்கினார்கள்.

ஒரு குற்றம் கிடைத்தால் போதும் என்று இருந்தது. தம்பி பக்கம் பேச ஒரு பிடி வேண்டும். ஊதுகிறவன் எங்கே திணறுவான் என்று காத்திருந்தார். அவன் திணறவில்லை. மூச்சு எங்கே வாங்குகிறான் என்றே தெரியவில்லை. வாய்க்காலில் வந்த தண்ணீரை ஒருவன் மடை மாற்றி மடை மாற்றிப் பாத்திகளுக்கு விடுவதுபோல இருந்தது. ஒரு பாத்தி நிறைந்து, கரை உடையாமல், அடுத்ததற்குத் திரும்பியது. வெளியே ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எந்தப் பாத்தியும் காயவில்லை. இப்படி மண்வெட்டி பிடிக்கிற ஓர் ஆள் அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. இதை நான்கு நிமிடத்தில் நிறுத்துவானா ஒருவன்? கேட்காமலே திட்டுவானா? அவருக்குத் தம்பிமேல் கோபம் கோபமாக வந்தது. கோபத்தோடு திரும்பிப் பார்த்தார்.

பாடையில் தம்பி முகம் மட்டும் திறந்திருந்தது. தாடையைச் சுற்றிக் கட்டிய துணிக்கு மேலே வாய் இறுக்கமாக இருந்தது. சின்ன வயதில் கோபம் வந்தால் அப்படித்தான் வைத்துக்கொள்வான்.

தவில் சேர்ந்தது. பிறகு எல்லாம் அடங்கி மறுபடி சுருதி மட்டும் நின்றது. அதுவும் நின்றது. தெருவின் சத்தங்கள் திரும்பி வந்தன. ஊர்தியின் உறுமல், குழந்தை ஒன்றின் அழுகை. ஞானராஜ் அவர் முன்னால் குந்தியிருந்தார்.

“எப்படிண்ணே இருக்கு?”

நல்லாத்தான் இருக்கு என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. கண்ணுசாமி அதை விழுங்கினார். துண்டால் வாயைத் துடைத்தார்.

“சுத்தமான வேலை” என்றார். சொல்லிவிட்டுத் தம்பியின் பக்கம் பார்க்கவில்லை. “ஒரு எடத்துலயும் கை நழுவல. வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாது.”

ஞானராஜின் முகத்தில் சந்தோஷம் வரும் என்று அவர் நினைத்திருந்தார். வரவில்லை. அந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு, காலையிலிருந்து அழாததை எல்லாம் சேர்த்து அழுதார். பிறகு முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வாக்குத் தீந்துபோச்சுண்ணே. தூக்கச் சொல்லுங்க.”

பரணி ஓடிவந்தான். “இப்பக் கெளம்புனாக்கூடப் போயிரலாம் பெரியப்பா.” நான்கு பேர் பாடையின் மூங்கில்களுக்குக் குனிந்தார்கள். ராக்கம்மாளைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஞானராஜ் காது வயரை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

கண்ணுசாமி வயரைக் கழற்றவில்லை.

“இவன் சொன்னது எது? அந்தக் கோயில்ல ஊதுனது.”

“அது வேணாம்ணே. வாக்கு இதுக்கு மட்டுந்தான்.”

“ஒங்ககிட்ட இருக்கா?”

ஞானராஜ் போனைப் பார்த்தார். “இருக்குண்ணே. அழகருதான் ஏத்திக் குடுத்தாரு.”

“எம்புட்டு நேரம் ஓடும்?”

“அது பெரிசுண்ணே. ஒண்ணே கால் மணி.”

“போடுங்க.”

“பெரியப்பா…” என்றான் பரணி.

“ரெண்டையும் கேக்காமத் தீர்ப்புச் சொல்றது எந்த ஊரு ஞாயம்?” கண்ணுசாமி அவனைப் பார்க்காமல் சொன்னார். குரல் எப்போதும்போலக் கண்டிப்பாக இருந்தது. “மயானத்துக்குப் போன் பண்ணி வேற நேரம் கேளு. கெடைக்காட்டி நாளைக்குக் கேளு. வண்டிக்காரனை எஞ்சினை அமத்தச் சொல்லு. காதுல விழ மாட்டேங்குது.”

அவர் கண்களை மூடிக்கொண்டார். மூங்கிலைப் பிடித்திருந்த நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் கைகளை எடுத்தார்கள். தெருமுனையில் உறுமல் நின்றது. நின்றிருந்த பெண்களில் ஒருத்தி தரையில் உட்கார்ந்தாள், பிறகு இன்னொருத்தி. பரணி போனைக் காதில் வைத்தபடி ஓரமாகப் போனான். சாய்ந்த வெயில் பந்தலுக்குள் நுழைந்து அப்பாவின் கால்மாட்டில் ஏறியிருப்பதைப் பார்த்து, மேற்குப் பக்கத் துணியை அவிழ்த்து இறக்கிவிட்டான்.